மெலாவத்தி மலைக்கு வரிசைத் தட்டு கொண்டு போகாதீர்கள்

கோல சிலாங்கூருக்கு வந்து புக்கிட் மெலாவத்தி மலை ஏறிப் பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள் எழுதித் தரும்படி தேவிகா கேட்டாள். டிக்கெட் கவுண்டரில் ஒட்டி வைக்க வேண்டுமாம். நான் அந்த மலையில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள், அவள் அங்கே டிக்கெட் கொடுக்கிறவள். "அரைப் பக்கம் போதும்க்கா, நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மலையை அரைப் பக்கத்தில் அடக்க எனக்குத் தெரியாது. வேண்டியதை அவளே இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளட்டும்.

மலை என்கிறேனே தவிர, கேமரன் மலைக்காரர்கள் பார்த்தால் இதை மேடு என்பார்கள். பத்துமலைப் படிகளில் காவடியோடு ஏறுகிற நம் ஆட்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உச்சியில் போய் நின்றால் விஷயம் வேறு. வெள்ளை வெளேரென்று கலங்கரை விளக்கம், கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கிகள், பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், கீழே அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் ஆறு போய்க் கடலில் சேர்கிற இடம். தினமும் பார்த்த எனக்கே இன்னும் அலுக்கவில்லை.

வேலை நாளில் வந்தால் சொந்தக் காரிலேயே மேலே போகலாம். சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் காரைக் கீழே விட்டுவிட்டு டிராமில்தான் ஏற வேண்டும். டிராம் என்றதும் தண்டவாளத்தைத் தேடாதீர்கள். முன்னால் இழுக்கிற வண்டி ஒன்று, பின்னால் பக்கம் திறந்த பெட்டிகள், அவ்வளவுதான். கழிவறை வேலையைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் வந்து நின்றுகொண்டு எங்களைத் திட்டாதீர்கள். காலையில் வாருங்கள், இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு வாருங்கள். இறங்கியதும் பசித்தால் ஜெராம் பக்கம் சுங்கை செம்பிலாங்குக்குப் போய் மீன் சாப்பிடுங்கள். மலைமேல் மட்டும் எந்தப் பொட்டலத்தையும் பிரிக்காதீர்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதிக் கட்டுரை.

மேலே இரண்டு வகைக் குரங்குகள் இருக்கின்றன. சாம்பல் நிறத்தில், தலையில் கூம்பு வைத்த மாதிரி முடியோடு உட்கார்ந்திருப்பது லோத்தோங். இலை தின்கிற ஜாதி. பக்கத்தில் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, கோவிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி அடக்கமாக நிற்கும். பெற்றவள் கறுத்திருப்பாள், பிள்ளை பொன்னிறத்தில் பிறக்கும். முதன்முதலில் பார்த்தபோது மாமியார் வீட்டில் பெரிய பிரச்சினை ஆகுமே என்று நான் கவலைப்பட்டேன். அவை அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இன்னொன்று கெரா. பழுப்பு நிறம், நீண்ட வால், சுத்த ரௌடி. நீங்கள் பல்லைக் காட்டிச் சிரித்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே செல்ஃபி எடுக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிக்கொண்டு வாருங்கள். முன்பெல்லாம் பயத்தங்காய் கொடுப்பார்கள், ரொட்டி கொடுப்பார்கள். இப்போது எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்வேன், ஆனால் வேறு காரணத்துக்காக.

நான் எப்படி டிராமுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புக்கிட் ரோத்தான் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். டிராமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வண்டியில் அடக்கத் தெரிந்தவள் எதையும் ஓட்டுவாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பழக்கியவர் எங்கள் சூப்பர்வைசர் காதர் பாய். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அடிவாரத்தில் தம்பி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பாய் தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டைதான் போடுவார். அந்தச் சட்டையோடு கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, விளிம்பு வரை ஊற்றிய தே தாரிக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொள்வார். நான் மலையேற்றி இறக்க வேண்டும். வளைவில் அவசரப்பட்டால் டீ சட்டைக்குப் போய்விடும். திட்ட மாட்டார். இறங்கி வந்து, "பவளம், நாளைக்கு நான் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்பார். அவர் வெள்ளைச் சட்டையிலேயே வீடு திரும்பிய அன்றைக்கு எனக்கு வேலை நிரந்தரமானது.

பாயின் வாயில் 'கூடாது' என்ற சொல்லே வராது. எல்லாம் கேள்விதான். காலையில் முதல் டிராமில் தனியாக மேலே போய், இறங்கி நடந்து வருவார். வழியில் கிடக்கிற மிட்டாய்த் தாளைக்கூடப் பொறுக்குவார். பிறகு பிரேக் மிதித்துப் பார்ப்பார், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள கொக்கிகளைக் கையால் இழுத்துப் பார்ப்பார். ஆட்கள் ஏறும்போது பைகளைக் கவனிப்பார். பிளாஸ்டிக் பை சரசரக்கிற சத்தம்தான் கெராவுக்குச் சாப்பாட்டு மணி என்பது அவர் கண்டுபிடிப்பு. யாராவது வாழைப்பழப் பொரியல் வாங்கிக்கொண்டு ஏறினால், "இது உங்களுக்கா, மேல இருக்கிறவங்களுக்கா?" என்று மரியாதையாகக் கேட்பார். பாதிப் பேர் அங்கேயே தின்று முடித்துவிட்டு ஏறுவார்கள்.

கெரா எதையாவது பிடுங்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் மூக்குக் கண்ணாடி போய்விட்டது. மனிதர் குச்சியை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினார். கெரா கிளைக்குக் கிளை ஏறியது. பாய் வந்து அவரை உட்கார வைத்து, மரத்துக்கு முதுகைக் காட்டச் சொல்லி, ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது, பாவம், அந்த மனிதருக்குத் திரும்பினாலும் ஒன்றும் தெரியாது. யாரும் கண்டுகொள்ளாத பொருளை வைத்துக்கொள்ள கெராவுக்குப் பிடிக்காது. சற்று நேரத்தில் கண்ணாடி புல்லில் வந்து விழுந்தது. இது எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய யோசனை: துரத்தாதீர்கள், முதுகைக் காட்டுங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நினைத்தாலே எனக்கு வயிறு குலுங்குகிறது, ஆனால் அன்றைக்கு அழுகையும் வந்தது.

அன்று தோட்டத்து வீட்டில் தேவிகாவுக்குப் பரிசம். மாப்பிள்ளை சரவணன், ராவாங் பக்கம் சுங்கை சோவில் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். ஒரு தடவை மலை பார்க்க வந்தவன், பிறகு வாராவாரம் வந்தான். கலங்கரை விளக்கத்தை இத்தனை ஆசையாகப் பார்க்கிற பையனை நான் கண்டதில்லை. டிக்கெட் வாங்கத்தான் வருகிறான் என்று புரிய எனக்கே சில வாரம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் உயிர். சரவணனின் அம்மாவுக்கும் சம்மதம். அப்பா இல்லாத பையன் என்பதால் தாய்மாமன் பெருமாள் சொல்வதுதான் சட்டம். அவருக்குத் தன் மகளைச் சரவணனுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கே அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். மாமா வெளிப்படையாக மறுக்கவில்லை. நாள் சரியில்லை, சகுனம் சரியில்லை என்று இரண்டு முறை பரிசத்தைத் தள்ளிப்போட்டார். தேவிகாவின் அப்பா ரோஷக்காரர். இந்தத் தடவையும் அவர்கள் வராவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டார். தேவிகாவும் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து தேம்பினாள்.

அன்று மாப்பிள்ளை வீட்டார் அளவுக்கு மீறிச் சீக்கிரமாக வந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை ராகு காலம். அது முடியாமல் பெண் வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது. வேனில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மலையைப் பார்க்கலாமே என்று சரவணனின் அம்மா ஆசைப்பட்டார். நல்ல யோசனைதான். ஆனால் வரிசைத் தட்டுகளை என்ன செய்வது? பெண் வீட்டார் கையில் கொடுக்கிற வரை தட்டைக் கீழே வைப்பது முறையில்லை என்றார் மாமா. வேனிலும் வைக்கக் கூடாதாம். ஆகவே வாழைப்பழம், ஆப்பிள், லட்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, பரிசச் சேலை என்று அத்தனை தட்டுகளையும் ஏந்திக்கொண்டு பட்டுச்சேலைப் பெண்கள் டிராமுக்கு வரிசையில் நின்றார்கள்.

காதர் பாயின் முகம் வெளிறி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "இதெல்லாம் பொண்ணு வீட்டுக்குத்தானே?" என்று மெல்லக் கேட்டார். மாமா ஆமாம் என்றார். கவுண்டரில் நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பாய் கேட்டார். மாமா அதற்கும் முறை சொன்னார். கடைசியில் தட்டுகளைத் துணியால் மூடி இறுகக் கட்டிக்கொண்டு போவது, மேலே அவிழ்ப்பதில்லை என்று முடிவாயிற்று. நான் வண்டியை எடுத்தேன். தே தாரிக் ஏற்றிய நாள்களில்கூட அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஃபோட்டோ ஆசை வந்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள், துணியை எடுத்தால்தானே தட்டு படத்தில் விழும் என்று யாரோ சொன்னார்கள். நான் வேண்டாம் என்று கத்திக்கொண்டே இறங்கினேன். மாமா என்னைப் பொருட்படுத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, ராகு காலம் முடிகிற வரை எல்லோரையும் காக்க வைத்து, "இப்ப நல்ல நேரம், தொறங்க" என்று தன் வாயாலேயே உத்தரவு கொடுத்தார்.

திறந்தார்கள்.

கெராக்கள் எந்த மரத்திலிருந்து வந்தன என்று எனக்கு இன்னும் தெரியாது. வாழைப்பழச் சீப்பு முதலில் போயிற்று. பிறகு ஆப்பிள், பிறகு லட்டு, பூவும் தேங்காயும்கூட. ஒரு கெரா இரண்டு கன்னத்திலும் லட்டை அடக்கிக்கொண்டு மூன்றாவதற்கு வந்தது. பெண்கள் அலறுகிறார்கள், ஆனால் ஒருத்தியும் தட்டைக் கீழே போடவில்லை. மாமாவிடம் அவ்வளவு பயம். மாமாவும் தன் முறையை விடவில்லை. அவர் கையில் இருந்தது வெற்றிலைத் தட்டு. கிழட்டு லோத்தோங் ஒன்று அவர் தோளில் ஏறி உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு வெற்றிலையாக எடுத்து நிதானமாக மென்றது. மாமா இரண்டு கையாலும் தட்டை ஏந்தியபடி, கழுத்தைக்கூடத் திருப்பாமல் சிலையாக நின்றார். அவர் மகள் கையில் வெறும் தட்டோடு புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன், பல் தெரியக் கூடாதே.

அப்போதுதான் பெரிய கெரா ஒன்று சரவணனின் அம்மா கையிலிருந்த சிவப்புப் பரிசச் சேலையை உருவிக்கொண்டு மரத்தில் ஏறியது. சேலை கிளையிலிருந்து பிரிந்து காற்றில் பறந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பாயின் முறையைச் சொல்லி எல்லோரையும் உட்கார வைத்தேன். மரத்துக்கு முதுகைக் காட்டி, பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக, மடியில் வெறும் தட்டுகளோடு பரிசக் கூட்டம் முழுவதும் புல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் இதையும் ஒரு சடங்கு என்று நினைத்து மரியாதையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சேலை பீரங்கிமேல் வந்து விழுந்தது. முந்தானையில் வாழைப்பழக் கறை, வேறு சேதம் இல்லை.

மாமா எழுந்தார். சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். "சகுனம் சரியில்ல. வண்டிய சுங்கை சோவுக்குத் திருப்புங்க" என்றார்.

சரவணன் கெஞ்சினான். அவன் அம்மா, ஆஞ்சநேயரே நேரில் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று கேட்டார். ஆஞ்சநேயர் பிரம்மச்சாரி, அவருக்குக் கல்யாணச் சேலையோடு என்ன வேலை என்று மாமா கேட்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அது நிலைமையை இன்னும் கெடுத்தது. சரவணன் பீரங்கியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கீழே தோட்டத்தில் தேவிகா தலை நிறையப் பூவோடு காத்திருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் வாக்கி டாக்கியில் கூப்பிட்டதால் காதர் பாய் அடுத்த டிராமில் வந்து சேர்ந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மாமா பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பொண்ணு வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்களே, வரலன்னு யாரு சொல்றது? நீங்களா, நானா?" என்று கேட்டார்.  மாமா, அந்தப் பொம்பளை சொல்லட்டும் என்று என்னைக் காட்டினார்.

தேவிகாவை அழைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். "ஸ்பீக்கர்ல போடுங்கக்கா" என்றாள். போட்டேன்.

"மாமா, நான் தேவிகா பேசுறேன். தட்ட நல்ல நேரத்துலதானே தொறந்தீங்க?"

 நேரம் பார்த்து உத்தரவு கொடுத்தவர் மாமாதான். "ஆமா" என்றார்.

"கீழ வைக்கலயே?"

"என் கண்ணு முன்னாடி எவளும் வைக்கல."

"அப்ப கையிலேருந்து கைக்குத்தானே போயிருக்கு. வாரத்துல பாதி நாள் நான் அந்த மலையில அதுங்ககூடத்தான் மாமா இருக்கேன். அதுங்க எங்க ஆளுங்கதான். பொண்ணு வீட்ல தட்ட வாங்கிக்கிட்டாங்க. வாங்கினதுக்கு அப்புறம் திரும்பிப் போறது முறையா மாமா?"

அவள் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது.  மாமா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். முறை என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் இத்தனை நாள் எல்லோரையும் ஆட்டி வைத்தார். இப்போது அதை வைத்தே அந்தப் பெண் அவரைப் பிடித்துவிட்டாள். சுவர்மேல் உட்கார்ந்திருந்த கிழட்டு லோத்தோங்கைச் சரவணனின் அம்மா மெதுவாகக் காட்டினார். அது இன்னும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. "தாம்பூலமும் எடுத்தாச்சுண்ணே" என்றார்.

மாமாவின் தோள் குலுங்கியது. முதலில் கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க முடியாமல் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய. "வண்டிய எடு தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார்.

கீழே வந்ததும் காதர் பாய் என் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ இன்னும் இங்க என்னா செய்யிற?" என்று கேட்டார். வெள்ளைச் சட்டையோடு மீதி நாள் முழுக்க அவரே டிராம் ஓட்டினார். நான் சீருடையோடு மாப்பிள்ளை வேனில் தொற்றிக்கொண்டேன்.

தோட்டத்தில் கூடாரம் போட்டு, பாய் விரித்து, சனம் நிறைந்திருந்தது. தேவிகாவின் அப்பா முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைத் தேவிகா அவரிடம் சொல்லியிருந்தாள், ஆனால் வெறும் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சபையில் வந்து இறங்கியபோது கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. என்ன கொண்டு வந்திருக்கிறோம் என்று தாய்மாமன் எழுந்து சபைக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.  அந்த மனிதர் ஒரு சொல் சுருதி மாறிச் சொன்னாலும் தேவிகாவின் அப்பா எழுந்து போய்விடுவார்.

பெருமாள் மாமா எழுந்து நின்றார். தோளில் லோத்தோங்கின் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"சபைக்கு வணக்கம். பழம், பலகாரம், வெத்தல பாக்கு எல்லாத்தையும் வர்ற வழியிலயே பொண்ணு வீட்டாளுங்க வாங்கிக்கிட்டாங்க. இந்தச் சேலையும் எங்க பையனும்தான் மிச்சம். ஏத்துக்கணும்."

 தேவிகாவின் அப்பா எழுந்து, கறை பட்ட சேலையைத் தட்டோடு இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டோம் சம்பந்தி. பழம் நல்ல இனிப்புன்னு மேலேருந்து எங்க ஆளுங்க சொல்லி அனுப்பினாங்க."